மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள்

தம்புள்ளைக் குகை விகாரையின் அடிவாரத்தில் உள்ள வாகனத் தரிப்பிடத்தில் அண்மையில் ஒரு கரவன் வண்டியைக் கண்டேன். நடுத்தர அளவு வான் ஒன்றின் உட்புறத்தில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தியிருந்தார்கள். கூரையின் மேல் ஒரு கொடி கட்டி, கழுவிய துணிகளைக் காயப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த கணவன், மனைவி, பத்து வயது மதிக்கத்தக்க ஒரு மகள், அவளுக்கு இளைய ஒரு மகன் ஆகியோர் கொண்ட குடும்பம் அது. தமது ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு மூன்று ஆண்டுகளாக வீதியிலேயே வாழ்கிறார்களாம். சொந்த நாட்டில் பேருந்து அளவு பெரிய வண்டி இருந்ததாகவும், இங்கு வந்து வாடகைக்கு இதை எடுத்ததாகவும் தந்தை சொன்னார். பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. பூங்காக்களும் நூதனசாலைகளுமே பாடசாலை.

அச்சிறுமியிடம் ஒரு சிறிய குறிப்பேடு இருந்தது. அமெரிக்காவில் தேசிய பூங்காக்களுக்குச் செல்லும் குடும்பங்கள் அத்தகைய ஏட்டை வாங்கி, போகும் இடமெல்லாம் முத்திரை குத்திக்கொள்வார்கள். கடவுச்சீட்டில் நாடுகளின் முத்திரை விழுவதுபோல இதில் மலைகளும் பாலைவனங்களும் போர்க்களங்களும் விழும். 1986இல் தொடங்கிய வழக்கம் அது. ஏட்டைப் புரட்டிக் காட்டியவள் ஒரு பக்கத்தில் நிறுத்தி, 'இது பூங்கா அல்ல, ஒரு வழி' என்றாள். 'கண்ணீரின் பாதை' என்பது அதன் பெயர். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

இங்கிருந்து கண்டிக்குப் போகும் வழியில் பார்க்கத்தக்கவை எவை என்று தந்தை கேட்டார். நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவனிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டால் பதில் சுருக்கமாக வராது. மாத்தளை மாவட்டத்தின் பெருமைகளை வரிசையாகச் சொன்னேன். 2009இல் திறக்கப்பட்ட சீகிரியா நூதனசாலையை அவர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார்கள். தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவவில் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட பெருங்கற்கால ஈமக்காடு இருக்கிறது. கற்பலகைகளால் பெட்டிபோல அமைத்த அந்தக் கல்லறைகளுள் தாழிகளும் இந்தியாவிலிருந்து வந்த மணிகளும் கிடைத்தன; இன்று மேலே கூரை போட்டு, பார்வையாளர் நடக்க வழி செய்து காக்கிறார்கள். தெற்கே வந்தால் நாலந்தவில் கற்றளியான கெடிகே. மாமல்லபுரத்தைப் பார்த்தவர்களுக்கு அது எந்த மரபைச் சேர்ந்தது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டப்பட்டபோது நீரில் மூழ்கவிருந்த அந்தக் கட்டடத்தை 1970களின் பிற்பகுதியில் கல் கல்லாகப் பிரித்து எடுத்து உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். அப்பால் திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட அலுவிகாரை. காட்டையும் யானையையும் விரும்பினால் 1984இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட வஸ்கமுவ. மலை ஏறுவதானால் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியான நக்கிள்ஸ் தொடர். நடுவே வாசனைத் திரவியத் தோட்டங்கள் பல உண்டு. அங்கே முதுகில் இலவசமாக எண்ணெய் தேய்த்துவிட்டு, பின்னர் ஒரு சிறு போத்தலுக்குப் பெரிய தொகை கேட்பார்கள் என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லி வைத்தேன்.

அவர்கள் நன்றி கூறிப் புறப்பட்டார்கள். பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் நான் சொன்ன பட்டியலில் ஒன்று விடுபட்டதை உணர்ந்தேன். நான் எல்லாவற்றையும் வீதியின் இடப்பக்கம், வலப்பக்கம் என்று சொன்னேனே அல்லாமல் வீதியைச் சொல்லவில்லை. அந்த வீதியில் ஏறத்தாழ அறுபது, எழுபது ஆண்டுக் காலம் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து வந்தார்கள். அந்தக் குடும்பம் விரும்பி வீதியில் வாழ்கிறது. இவர்கள் வேறு வழியின்றி வீதியில் வாழ்ந்தார்கள். கணிசமானோர் அதிலேயே இறந்தார்கள்.

இன்று ஏ-9 என்று அழைக்கப்படும் கண்டி-யாழ்ப்பாண வீதிக்கு ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் வடக்கு வீதி என்று பெயர். அதற்கு முன்னும் வழி இருந்தது. தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்கள் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றி மலைநாட்டுக்கு வந்து, பாக்கும் மிளகும் ஏற்றித் திரும்பிய வழிகள் அவை. 1803இல் கண்டி இராச்சியத்தின் மீது படையெடுத்த ஆங்கிலேயர் மாத்தளையில் மக்டவல் கோட்டையைக் கட்டினர். அந்தப் போரில் தோற்று அதைக் கைவிட்டு ஓடினர். கோட்டையின் எச்சம் இன்று மயானத்தின் வாயிலாக நிற்கிறது. 1815இல் கண்டி வீழ்ந்த பின்னர், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் வீதி போடும் வேலை வேகம் பெற்றது. கண்டியிலிருந்து மாத்தளை, தம்புள்ளை வழியாக வடக்கே வழி வெட்டியவர்களில் முதன்மையானவர் தோமஸ் ஸ்கின்னர். அவர் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு 1891இல் நூலாக வெளிவந்தது. அவர் வீதி அமைத்தது படைகள் செல்வதற்காக. ஆனால் அதில் அதிகம் நடந்த கால்கள் படையினருடையவை அல்ல.

1820களில் கம்பளைப் பக்கத்தில் தொடங்கிய கோப்பிப் பயிர், 1830களின் பிற்பகுதியில் பெருந்தொழிலாயிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்ததும், இங்கிலாந்தில் சுங்க வரி சமமாக்கப்பட்டதும் இலங்கைக் கோப்பிக்கு வாய்ப்பாயின. காடுகள் அழிந்தன, தோட்டங்கள் பெருகின. சொந்த நிலமும் சேனைப் பயிரும் இருந்த கண்டிச் சிங்களக் குடியானவர், துரைமாரின் தோட்டத்தில் நாட்கூலிக்கு நிற்க விரும்பவில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால் மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளில் நிலமற்றோர் பசியில் கிடந்தனர். அங்கே ஆள்கட்டப் போனவர் கங்காணி. முற்பணம் கொடுத்து, கடனில் கட்டி, இருபது முப்பது பேரைத் தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் திரட்டி அழைத்து வந்தார். கண்டிச் சீமையில் தேங்காயும் மாசியும் தோண்டத் தோண்டக் கிடைக்கும் என்று ஆசை காட்டியதாக மலையகத்தில் இன்றும் முதியவர்கள் சொல்வார்கள்.

கோப்பியின் இயல்பு தேயிலையின் இயல்பு அன்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குத்தான் பெருமளவு ஆள் வேண்டும். ஆகவே பலர் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் ஊருக்குத் திரும்பி, தேவையானால் மறுபடியும் வந்தார்கள். ஒவ்வொரு முறையும் போகவும் வரவும் நடை. ஓராண்டில் ஒரு மாதம் அளவேனும் வீதியிலேயே கழிந்த வாழ்க்கை அது. இந்த ஒரு விடயம் நமது வரலாற்றுக் கட்டுரைகளில் சரியாக அழுத்தம் பெறுவதில்லை. ஒருமுறை வந்து குடியேறியவர்களாகவே நாம் அவர்களை எண்ணிக்கொள்கிறோம். முதல் இரண்டு தலைமுறையினரைப் பொறுத்தவரை வழியும் அவர்களுக்கு ஓர் ஊர்தான்.

பயணம் தொண்டி, அம்மாபட்டினம், தேவிபட்டினம், இராமேஸ்வரம் ஆகிய கரைகளில் தொடங்கும். பாய்மரத் தோணிகளில் ஆட்டு மந்தைபோல ஏற்றப்பட்டு அரிப்பிலோ தலைமன்னாரிலோ மன்னாரை அண்டிய வேறு துறையிலோ இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல். வறண்ட காடு. குளத்து நீரைத் தவிர வேறு நீரில்லை. கோடையில் குளத்து நீரும் சேறாகிவிடும். மதவாச்சி, மிகிந்தலை, கெக்கிராவை, தம்புள்ளை என்று தெற்கே நடக்க வேண்டும். தலையில் மூட்டை, மூட்டைக்குள் ஒரு பானை, கொஞ்சம் அரிசி, புளி, மிளகாய். இரவில் நெருப்பு மூட்டி அதைச் சுற்றிப் படுத்துக்கொள்வார்கள். யானை, கரடி, சிறுத்தை ஆகியவற்றுக்கு அது மட்டுமே காவல்.

விலங்கு கொன்றவர்களைவிட நோய் கொன்றவர்கள் பன்மடங்கு. வாந்திபேதி, அம்மை, மலேரியா, வயிற்றுளைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருவருக்கு வாந்திபேதி கண்டால் கூட்டம் காத்திருக்காது. காத்திருந்தால் அரிசி தீர்ந்துவிடும், நோயும் பரவும். மரத்தடியில் படுக்க வைத்து, அருகே சிறிது தண்ணீர் வைத்துவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மனைவி கணவனை விட்டுப் போனதும், தாய் பிள்ளையை விட்டுப் போனதும் மலையக நாட்டார் வழக்கில் வாய்மொழியாக இன்றும் வாழ்கின்றன. வழியோரச் சிங்களக் கிராமத்தவரோ நோய்க்கு அஞ்சி இந்தக் கூட்டங்களை அண்ட விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அக்காலத்தில் வாந்திபேதி நுழைந்த கிராமம் எழுந்திருப்பது அரிது.

இங்கே குடும்பம் என்ற சொல்லைச் சற்று நிதானமாகக் கையாள வேண்டும். 1844ஆம் ஆண்டுக்குரிய வருகைக் கணக்கு கிடைத்திருக்கிறது. அவ்வாண்டில் வந்த ஆண்கள் 74,840 பேர். பெண்கள் 1,181 பேர். குழந்தைகள் 724 பேர். நூறு பேரில் ஒருவரோ இருவரோதான் பெண். ஆகவே தொடக்கக் காலத்தில் கூட்டம் என்பது பெரும்பாலும் ஆண்களின் கூட்டமே. ஊரில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஆனால் இந்த எண்களை மறுபக்கமாகவும் படிக்கலாம். எழுபத்தையாயிரம் ஆண்களுக்கு நடுவே அந்தக் காட்டு வழியில் நடந்த ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் யார்? கைம்பெண்களா, கடனில் மூழ்கிய குடும்பத்தின் மருமகள்களா, ஊரில் பஞ்சம் பொறுக்காமல் கணவனோடு புறப்பட்டவர்களா? எழுநூறு குழந்தைகளில் எத்தனை பேர் நடந்தார்கள், எத்தனை பேர் இடுப்பில் வந்தார்கள்? அரசாங்கப் பதிவேடு தலைகளை எண்ணியதோடு நின்றுவிட்டது. கோப்பியின் பிற்காலத்தில், 1860களிலும் 1870களிலும், பெண்களும் குழந்தைகளும் படிப்படியாகக் கூடினர். தேயிலை வந்த பின்னரே குடும்பம் குடும்பமாக வருவது வழக்கமாயிற்று.

தம்புள்ளைக்கு வந்து சேர்ந்தவர்கள் பாதையின் பெரும்பகுதியைக் கடந்துவிட்டவர்கள். மாத்தளைக்கு இன்னும் ஏறத்தாழ 45 கிலோமீற்றர். கரவனில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். களைத்த கால்களுக்கு இரண்டு மூன்று நாட்கள். லேனதொர, நாவுல, நாலந்த என்று வரவர நிலம் உயரும்; வெயில் தணியும்; மழை தொடங்கும். சமவெளியின் வெக்கையில் பிறந்து வளர்ந்து, ஒற்றைத் துணியோடு வந்தவர்களுக்கு மலைக்குளிர் புது எதிரி. தோட்டத்துக்குப் போனதும் கம்பளி கொடுப்பார்கள். அதன் விலையைக் கூலியில் கழிப்பார்கள். வழியில் கம்பளியும் இல்லை. காடு தாண்டி வந்த பலர் மலையடிவாரத்தில் காய்ச்சல் கண்டு வீழ்ந்தனர். மன்னாரில் தொற்றிய நோய் வெளிப்படச் சில நாட்கள் எடுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

மாத்தளைதான் சந்தி. வந்தவர்கள் அங்கே இளைப்பாறினார்கள். அங்கிருந்து கூட்டங்கள் பிரிந்தன. சிலர் ரத்தோட்டை, கம்மடுவ, எல்கடுவ மலைகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் கண்டி, கம்பளை, அதற்கும் அப்பால் நடந்தார்கள். அந்த இளைப்பாறும் இடத்தில் மரத்தடியில் கல் ஒன்றை நாட்டி வழிபட்டார்கள் என்பதும், அதுவே பின்னர் மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயிலாயிற்று என்பதும் மரபு. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முயற்சியோடு 1874இல் கோயில் எழுந்ததாக அதன் வரலாறு கூறும். தெய்வங்களுள் மாரியைத் தேர்ந்தது தற்செயலன்று. அம்மைக்கும் வெப்பு நோய்க்கும் மழைக்கும் உரியவள் மாரி. நூற்றைம்பது மைல் நடந்து, அருகில் வந்தவர் அம்மையிலும் பேதியிலும் வீழக் கண்டு, தாம் மட்டும் உயிரோடு வந்து நின்றவர்கள் முதலில் யாரை வணங்குவார்கள்? கோயிலின் வரலாற்றை எழுதுவோர் கோபுரத்தின் உயரத்தையும் மாசி மகத்தில் ஓடும் ஐந்து தேர்களின் அழகையும் விரிவாக எழுதுகிறார்கள். அந்த முதற் கல்லைப் பற்றி இரண்டு வரிகளோடு கடந்துவிடுகிறார்கள். எனக்கு அந்தக் கல்லே பெரிதாகத் தெரிகிறது.

மாத்தளை என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு 1848 நினைவுக்கு வரும். அந்த ஆண்டின் கதையும் வீதியோடு தொடர்புடையதுதான். 1847இல் கோப்பி விலை வீழ்ந்தது. அரசாங்கத்தின் வருவாய் குறைந்தது. புதிய ஆளுநர் டொரிங்டன் பிரபு துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்ததோடு, வீதிச் சட்டம் ஒன்றையும் கொண்டு வந்தார். வயது வந்த ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும். யாருடைய கோப்பியை இறக்க யார் வீதி போடுவது என்ற கேள்வி எழுந்தது நியாயமே. அவ்வாண்டு ஜூலை இறுதியில் கொங்காலேகொட பண்டா தம்புள்ளை விகாரையில் மன்னனாக முடிசூட்டப்பட்டார். புரன் அப்புவும் அவரும் மக்களைத் திரட்டிக்கொண்டு இதே வடக்கு வீதி வழியே மாத்தளைக்கு வந்து அரசாங்கக் கட்டடங்களைத் தாக்கினர். கிளர்ச்சி சில நாட்களில் நசுக்கப்பட்டது. புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். படையினர் செய்த அழிவில் அலுவிகாரையின் ஏட்டுச் சுவடிகளும் போயின. தம்புள்ளையிலிருந்து நடந்துவந்த அந்தச் சிங்கள வீரர்களுக்கு மாத்தளை நகரில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அது மிகவும் சரியானது.

இந்தக் கதையில் பத்திரிகைக்காரர் ஒருவரும் வருகிறார். கொழும்பு ஒப்சேர்வர் இதழின் ஆசிரியர் கிறிஸ்ரோபர் எலியட் என்ற ஐரிஷ்கார வைத்தியர். 1848 ஜூலைத் தொடக்கத்தில் 'ஓர் ஆங்கிலேயன்' என்ற புனைபெயரில் வரிகளைக் கண்டித்து அவர் வெளியிட்ட கடிதம் சிங்களத்தில் மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது. கிளர்ச்சியைத் தூண்டியது அதுவே என்று ஆளுநர் தரப்பு குற்றம் சாட்டியது. ஆளுநர் 1850இல் பதவி இழந்தார், பத்திரிகை நிலைத்தது. அதே ஒப்சேர்வர்தான் 1849இல் இன்னொரு கணக்கையும் எழுதியது. 1841இலிருந்து 1848வரை இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருள் ஏறத்தாழ 70,000 பேர், அதாவது நான்கில் ஒருவர், இறந்துவிட்டனர் என்பது அந்த மதிப்பீடு.

எழுபதாயிரம் என்ற எண்ணை மேடைகளில் உறுதியான உண்மையாகச் சொல்லிக் கேட்கிறோம். அது மதிப்பீடு என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. துறைமுகத்தில் வந்தவர்களை எண்ணினார்கள்; காட்டுவழியே போய்ச் சிறு தோணிகளில் திரும்பியவர்களை அந்த அளவுக்கு எண்ணவில்லை. வழியில் இறந்தவர்களையும் தோட்டத்தில் இறந்தவர்களையும் பிரித்து எழுதவும் இல்லை. ஆகவே உண்மையான தொகை குறைவாகவும் இருக்கலாம், வேறு ஆண்டுகளையும் சேர்த்தால் மிகக் கூடுதலாகவும் இருக்கலாம். பத்திரிகையாளரான டொனோவன் மோல்ட்ரிச் 1989இல் வெளியிட்ட 'பிற்றர் பெரி பொண்டேஜ்' என்ற ஆங்கில நூலில் கோப்பிக் காலத் தொழிலாளரின் வாழ்வை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதைப் படித்தவர்களுக்கு, எண் எதுவாயினும் நிலைமை எத்தகையது என்பதில் ஐயம் இருக்காது. ஒரு துரை இறந்தால் அவருக்கு மயானத்தில் பெயர் பொறித்த கல் இருக்கும். வழியில் இறந்த தொழிலாளிக்கு மண் மூடிய குழிகூட எப்போதும் கிடைத்ததில்லை.

சாவு பெருகினால் ஆள் வரத்துக் குறையும். ஆள் குறைந்தால் பழம் மரத்திலேயே அழுகும். அரசாங்கத்துக்கும் துரைமாருக்கும் இரக்கம் வந்த வழி அதுதான். 1850களின் இறுதியில் குடிவரவுத் தொழிலாளருக்கென ஓர் ஆணைக்குழு அமைந்தது. வடக்கு வீதியில் தங்குமடங்களும் கிணறுகளும் வைத்தியசாலைகளும் தோன்றின. 1872இல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென ஒரு சட்டம் வந்தது. நிலைமை சற்றுத் திருந்தியது. கால்கள் மட்டும் அதே கால்கள். 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியது. 1880இல் மாத்தளைக்கு வந்தது. அது வந்தது கோப்பி மூட்டைகளுக்காக. அதற்கு முன் மாட்டு வண்டித் தொடர்களே அவற்றைச் சுமந்தன. விந்தை என்னவென்றால், தண்டவாளம் மாத்தளையைத் தொட்ட வேளையில் 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று முடிக்கும் கட்டத்தில் இருந்தது. தோட்டங்கள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் அதே வழியே எதிர்த்திசையில் நடந்தார்கள். நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் பரவிய பிளேக் நோய்க்கு அஞ்சி வடக்கு வீதி தொழிலாளருக்கு மூடப்பட்டது. தூத்துக்குடி-கொழும்பு கப்பல் வழியே வழியாயிற்று. 1914இல் பாம்பன் பாலமும் தலைமன்னார் புகையிரதமும் திறந்த பின் நடைக்காலம் முற்றாக முடிந்தது.

அதற்குப் பின் வந்தவற்றை வாசகர் அறிவர். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 2003இன் சட்டத்தில் கிடைத்த உரிமை. ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் புகையிரதத்தில் தலைமன்னார் போய்க் கப்பலேறினர். பாட்டன் நடந்து வந்த நிலத்தைப் பேரன் புகையிரதச் சாளரத்தின் வழியே பார்த்தபடி கடந்து போனான்.

அச்சிறுமியின் ஏட்டுக்கு வருகிறேன். 1838-39இல் அமெரிக்க அரசாங்கம் செரோக்கி மக்களை அவர்களது சொந்த நிலத்திலிருந்து வெளியேற்றி மேற்கே நடக்க வைத்தது. ஏறத்தாழ 16,000 பேர் நடந்தார்கள். 4,000 பேர்வரை இறந்தார்கள் என்பது மதிப்பீடு. அவர்கள் ஆயுதமுனையில் விரட்டப்பட்டவர்கள். நம்மவர் பசியாலும் கடனாலும் விரட்டப்பட்டவர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் காலம் ஏறக்குறைய ஒன்று. 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த வழியைத் தேசிய வரலாற்றுப் பாதையாக அறிவித்தது. ஒன்பது மாநிலங்களூடே செல்லும் அந்த வழியில் ஆற்றுத் துறைகளிலும் முகாமிட்ட இடங்களிலும் அறிவித்தல் பலகைகள் நிற்கின்றன. விரட்டிய அதே அரசாங்கத்தின் பூங்காத் திணைக்களம்தான் அதைப் பராமரிக்கிறது. வண்டியில் வாழும் குடும்பங்கள் நிறுத்திப் படித்து, முத்திரை குத்திக்கொண்டு போகின்றன. மொரீஷியஸில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய கற்படிகளும் கொட்டகைகளுமான ஆப்பிரவாசி காட் 2006இல் உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அங்கே மிஞ்சியிருப்பவை சில படிகளும் சில சுவர்களுமே. அதுவே போதும் என்று அவர்கள் நினைத்தார்கள்.

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. கண்டி ஹந்தானையில் 2001இல் தேயிலை நூதனசாலை திறந்தார்கள். அங்கே இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் முக்கியம். 2007இல் கம்பளைப் பக்கத்தில் பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றைத் தொண்டு நிறுவனம் ஒன்று அமைத்தது, போற்றத்தக்க முயற்சி. ஆனால் இரண்டும் வடக்கு வீதியில் இல்லை. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். நடந்து வந்தவர்களின் கதையைச் சொல்லும் நூதனசாலை எதையும் நான் கண்டதில்லை. இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. நான் ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் தோட்டப்பகுதிச் செய்தி என்றால் சம்பளம், வேலைநிறுத்தம், தேர்தல் இவை மூன்றும்தான். வீதியைப் பற்றிக் கட்டுரை கொண்டுவந்த இளைஞர் ஒருவரிடம், இடமில்லை, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொன்னவன் நான். அந்த அடுத்த வாரம் வரவில்லை.

1983 ஜூலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் எரிக்கப்பட்டது; தேர்களும் எரிந்தன. பின்னர் மக்கள் அதை மீண்டும் கட்டினார்கள். ஐந்து தேர்களும் மீண்டும் ஓடுகின்றன. 2023இல், மலையக மக்கள் இத்தீவுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் என்று கொண்டாடப்பட்டபோது, ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் நடந்து ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தது. பதினாறு நாட்கள். பெண்கள் பெருந்தொகையாக நடந்தார்கள். நடந்தவர்களுக்குக் குடிதண்ணீரும் பாதணியும் இரவில் கூரையும் இருந்தன. ஆயினும் நாட்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். நல்ல வீதியில் நல்ல உணவோடு பதினாறு நாட்கள் பிடித்தன. அக்காலத்தவர் பலர் அதைவிடக் குறைந்த நாட்களில் வந்து சேர்ந்தார்கள் என்றால், நோயாளிக்காக நிற்க ஏன் நேரமில்லாமற் போயிற்று என்பது விளங்கும். கட்டிவந்த அரிசி எத்தனை நாளைக்கோ அத்தனை நாளைக்குள் வந்தாக வேண்டும்.

பெரிய கட்டடம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தம்புள்ளையில் ஒன்று, நாலந்தவில் ஒன்று, மாத்தளைப் புகையிரத நிலையத்துக்கு அருகில் ஒன்று என மூன்று கற்கள் நாட்டி, மூன்று மொழிகளிலும் பத்து வரி எழுதலாம். இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக் கல்லறைக்குக் கூரை போடவும், ஆயிரம் ஆண்டுக் கற்றளியைக் கல் கல்லாகத் தூக்கிவைக்கவும் தெரிந்த தொல்லியலாளர்கள் இந்த மாவட்டத்தில் வேலை செய்திருக்கிறார்கள். மூன்று கற்கள் அவர்களுக்கு ஒரு நாள் வேலை.

தந்தை கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். நான்கு நாட்கள் கழித்துப் பதில் வந்தது. நாவுலவில் நிறுத்தித் தேநீர் அருந்தியதாகவும், மாத்தளையில் மழையும் நெரிசலுமாக இருந்ததால் நிற்காமல் கடந்துவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார். கீழே மகள் தனியாக ஒரு கேள்வி சேர்த்திருந்தாள். 1844இல் வந்த அந்த 724 பிள்ளைகளின் பெயர்கள் எங்காவது எழுதி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டிருந்தாள். இல்லை, எண்ணிக்கை மட்டுமே எஞ்சியிருக்கிறது என்று பதில் எழுதினேன்.